பழைய சவரக்கத்திப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

முழுச் சவரக்கத்திகளை, அதாவது மடக்கி விரிக்கும் மழிகத்திகளை, வைக்கவென்று செய்த பழைய மரப்பெட்டிகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு கத்தி என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் ஜோலிங்கனிலும் செய்த பெட்டிகளைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: மகோகனி மரப் பெட்டி. மேல்புறம் கறுத்து, கைபட்டால் பிசுபிசுக்கிறது. உப்புத்தாள் போட்டு மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: உப்புத்தாளை எடுக்கவே வேண்டாம். இந்தப் பெட்டிகளில் பல, மலிவான மரத்தின் மேல் வெனீர், அதாவது உயர்ந்த மரத்தின் மெல்லிய ஏடு, ஒட்டியவை. நூறாண்டுக்கு மேல் மெருகேறிய நிறமும் மேல்தோலில்தான் இருக்கிறது. ஒரு மூலையில் வெனீர் தேய்ந்து அடிமரம் தெரிந்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதல் வேலை, கத்திகள் எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. எந்தக் கத்தி எந்தக் காடியில் (கத்தி உட்காரும் பள்ளத்தில்) இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆணி, கீல், உட்புறத் துணி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறத் துணியையும் உற்றுப் பாருங்கள். கிழமைப் பெயர் கத்தியின் முதுகில் பொறித்திருக்கும், அது தெரிய வேண்டும் என்று முதுகை மேலே வைத்துத்தான் அடுக்குவார்கள். அதனால் மூடித் துணியில் ஏழு கோடுகளாகத் துருக்கறையோ எண்ணெய்க் கறையோ பதிந்திருக்கும். எந்தக் கோடு அதிகம் கறுத்திருக்கிறதோ, அந்தக் கத்தியை முதலில் ஆராயுங்கள்.

அடுத்தது மேல்பூச்சு என்ன என்று கண்டுபிடிப்பது. பெட்டியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியைப் பத்து வினாடி வைத்து எடுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ, பிற்காலத்தில் யாரோ அடித்த பாலியூரித்தேனோ.

அரக்குதான் என்று தெரிந்தபின் ஸ்பிரிட்டை ஓரமாக வைத்துவிட்டு, மினரல் டர்பன்டைனில் லேசாக நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகப் பூசிய மெழுகும் எண்ணெயும் அவற்றில் ஒட்டிய அழுக்கும்தான். டர்பன்டைன் அவற்றைக் கரைக்கும், அரக்கைத் தொடாது. துணி பழுப்பாக வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்கலாம். அதற்குப் பிறகும் மீதமிருக்கும் வியர்வைக் கறைக்கு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். வெனீரின் ஓரங்களில் ஈரம் நிற்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகு பாதிப் பெட்டிகளுக்குப் புதுப் பாலிஷே தேவைப்படாது. பூச்சு வெடித்து முதலைத் தோல்போல் இருந்தால் மட்டும் அரக்குப் பாலிஷ் போடுங்கள். மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 20 கிராம், ஸ்பிரிட் 100 மில்லி. ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். இந்தக் கரைசல் ஒரு பங்குக்கு ஸ்பிரிட் நான்கு பங்கு கலந்து, பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு, நிறுத்தாமல் வழித்துக்கொண்டே போனால் பழைய பூச்சே இளகிச் சேர்ந்துகொள்ளும். பொட்டலம் ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தில் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் செய்தால் வெள்ளை பூக்கும். கரைசலைக் கலந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கரைசலை நான் நம்புவதில்லை, பூசினால் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஏழு கத்தியில் ஒன்றுக்கு மட்டும் ஆமையோட்டு நிறக் கைப்பிடி, மற்றவை கொம்பு. அந்த ஒன்றில் துரு ஏறியிருக்கிறது, எண்ணெய் தேய்த்து வைத்தும் திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது பக்கத்துக் கத்திகளிலும் புள்ளிகள். பெட்டியில் ஈரம் இல்லை. காரணம் என்ன?

பதில்: கைப்பிடி செல்லுலாய்டாக இருக்கும். பழைய பெட்டிகளைக் கெடுப்பதில் ஈரத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான், ஆனால் பலரும் இதைச் சந்தேகிப்பதில்லை.

நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்தது செல்லுலாய்டு. வயதாக ஆகக் கற்பூரம் ஆவியாகிவிடும், நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கக்கும். காற்றின் ஈரத்தோடு அவை சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லை. உங்கள் கத்தியை விரித்துப் பாருங்கள்: மடக்கும்போது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் துரு தடிப்பாகவும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முதுகில் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே இல்லை. கைப்பிடியைப் பிணைக்கும் தட்டாணிகளைச் (ரிவெட்) சுற்றிப் பச்சைக் களிம்பு, கைப்பிடியில் வியர்த்ததுபோல் ஈரம், உள்ளே கட்டம் கட்டமாக வெடிப்பு, இவையும் அடையாளம்.

உறுதி செய்ய, கைப்பிடியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். சூட்டு ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

சிதையத் தொடங்கிய செல்லுலாய்டுக்கு மருந்து இல்லை. அந்தக் கத்தியை இன்றைக்கே பெட்டியிலிருந்து பிரித்து, காற்றோட்டமான, வெப்பம் தாக்காத இடத்தில் தனியாக வையுங்கள். கைப்பிடியைக் கழற்ற, தட்டாணியின் தலையை அரத்தால் சமமாக ராவி, நடுவில் புள்ளி குத்தி, 1.6 மில்லிமீட்டர் துளையூசியால் மெதுவாகத் துளைத்து எடுங்கள். சம்மட்டியால் அடித்து எடுத்தால் அலகில் ஆணித்துளை இருக்கும் பகுதி வெடிக்கும். புதுக் கைப்பிடிக்குக் கொம்போ கடினமான மரமோ போடலாம். கழற்றிய செல்லுலாய்டை எரிக்க வேண்டாம்.

பிறகு பெட்டி. அந்தக் காடியின் துணி அமிலத்தை உறிஞ்சியிருக்கும். வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) நனைத்த, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளைத் துணிமேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே காட்டினால் அந்தத் துணி போக வேண்டியதுதான். அதன் அடியிலிருக்கும் மரத்தை வடிநீர் தொட்ட துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, மூடியைத் திறந்தே வைத்து உலரவிடுங்கள். பக்கத்துக் கத்திகளின் புள்ளிகளை அதற்குப் பின் சுத்தம் செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் புள்ளிகள் திரும்ப வரும்.

கேள்வி: உள்ளே சிவப்பு வெல்வெட் பூச்சி அரித்து நைந்துவிட்டது. புதுத்துணி ஒட்டினேன்; கத்திகள் காடியில் உட்காரவில்லை, மூடியும் மூடவில்லை. பசைக்கறை வேறு மேலே தெரிகிறது.

பதில்: மூன்று கோளாறுக்கும் காரணம் தனித்தனி.

காடியில் துணி இரண்டு பக்கமும் படிகிறது. 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெல்வெட் போட்டால் காடியின் அகலத்தில் 4 மில்லிமீட்டர் போய்விடும், ஆழத்தில் 2 மில்லிமீட்டர் போய்விடும். கத்தி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், மூடி அதன் முதுகில் இடிக்கும். பழைய துணி அநேகமாக ஒரு மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது. ஆகவே பழைய துணியைத் தூக்கிப் போடாமல் தடிப்பை அளந்து, அதே தடிப்பில் வாங்குங்கள். நிறத்துக்கும் அதுவே சாட்சி. மடித்து உள்ளே ஒட்டியிருந்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் வெளிறாத அசல் நிறம் தெரியும். பெரும்பாலும் நாம் நினைத்ததைவிட ஆழமான நிறமாக இருக்கும்.

பழைய துணியை எடுக்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதை ஒட்டியது வச்சிரம், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. வயதான வச்சிரம் மொறுமொறுப்பாக இருக்கும். மெல்லிய, மொண்ணையான தகட்டுக் கத்தியை அடியில் செலுத்தினாலே விடும். விடாத இடத்தில் தகட்டை லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மூடிக்குள் பொன்னெழுத்தில் செய்தவர் பெயர் அச்சிட்ட பட்டோ தோலோ இருந்தால் அதைத் தொடவே கூடாது, நைந்திருந்தாலும் சரி. ஈரமும் ஸ்பிரிட்டும் அந்த எழுத்தை அழித்துவிடும்.

துணியின் அளவுக்கு, ஒரு காகிதப் பட்டையை ஒவ்வொரு காடிக்குள்ளும் அழுத்தி இறக்கி ஏற்றிக்கொண்டு போய், பிறகு விரித்து அளந்துகொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஏழு காடிக்கு, இறங்கி ஏறும் வகையில் மட்டும் 168 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் மடிப்புக்கு விடுங்கள். வெல்வெட்டின் மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தடவிப் பார்த்து, எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டுங்கள். ஒன்று மாறினாலும் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

கறைக்குக் காரணம் பசை இளக்கமாக இருந்ததும் துணியில் பூசியதும். பசையைக் காடிப் பலகையில் மட்டும், மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காத்திருங்கள். நடுக்காடியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசிக் காடிக்குள் துணி இறங்காமல் இழுக்கும். அழுத்துவதற்கு முனை மழுங்கிய மரப்பட்டை நல்லது, விரல் மயிரைப் படுக்கவைத்துவிடும்.

எந்தப் பசை என்பது முக்கியம். பி.வி.ஏ. வெள்ளைப் பசை, ரப்பர் சொல்யூஷன், ஸ்பிரே பசை எதுவும் வேண்டாம். வெள்ளைப் பசை மூடிய பெட்டிக்குள் அசிட்டிக் அமில ஆவியை விடக்கூடியது, எஃகுக்கு ஆகாது. கெட்டியாகக் காய்ச்சிய கோதுமை ஸ்டார்ச் பசையோ வச்சிரமோ போதும். வச்சிரக் குருணை ஒரு பங்குக்குக் குளிர்ந்த நீர் இரண்டு பங்கு ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் இளக்குங்கள். நேரடித் தீயில் கொதிக்கவைத்தால் ஒட்டும் வலு போய்விடும். முடிந்தவரை துணியை அட்டையில் ஒட்டி, அந்த அட்டையைப் பெட்டிக்குள் நாலைந்து பொட்டுப் பசையில் நிறுத்துங்கள். அடுத்த முறை எடுக்கச் சுலபம்.

துணியையும் சோதித்துவிடுங்கள். ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்தினால் சாயம் இறங்கக் கூடாது. இன்னும் உறுதியாகத் தெரிய, அருங்காட்சியகங்களில் செய்யும் ‘ஆடி’ (Oddy) சோதனையை வீட்டளவில் செய்யலாம். அவர்கள் துணித் துண்டையும் உலோகத் தகடுகளையும் சிறிது நீரோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். நீங்கள் இரண்டு கண்ணாடி ஜாடி எடுத்து, இரண்டிலும் பளபளப்பாகத் தேய்த்த இரும்பு ஆணி ஒன்றும் ஈரப்பஞ்சுத் துணுக்கும் தொடாமல் வைத்து, ஒன்றில் மட்டும் துணித்துண்டு போட்டு மூடி, சூடான இடத்தில் அதே 28 நாள் வையுங்கள். துணி உள்ள ஜாடியின் ஆணி மற்றதைவிடத் தெளிவாக அதிகம் துருப்பிடித்தால் அந்தத் துணி கத்திப் பெட்டிக்கு உதவாது. பி.வி.சி. ஃபோமை மட்டும் சோதிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

ஒட்டி முடித்ததும் இரண்டு மூன்று வாரம் திறந்தே வைத்துப் பிறகுதான் கத்திகளை வைக்க வேண்டும்.

கேள்வி: மூடிப் பலகையில் நீளவாக்கில் வெடிப்பு. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன், பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விட்டது.

பதில்: மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், குறுக்குவாட்டில்தான் சுருங்கி விரியும். மூடிப் பலகையின் இரு முனையும் சட்டத்தில் இறுகியிருப்பதால் சுருங்க இடமின்றி வெடித்தது. நீங்கள் கெட்டியாக அடைத்ததும், ஈரக்காலத்தில் விரிய இடமில்லாமல் இறுகி, அடுத்த வறட்சியில் வேறிடத்தில் விட்டது. வெடிப்பின் அகலத்தைக் காய்ந்த பருவத்திலும் ஈரப் பருவத்திலும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குள் என்றால் நிறம் சேர்த்த மெழுகு போதும், மரம் அசைந்தால் மெழுகும் அசைந்து கொடுக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அதே இன மரத்தில் ஆப்புபோல் சரித்துச் சீவிய சிம்பை, இழை ஒரே போக்கில் இருக்கும்படி வைத்து, வெடிப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வச்சிரம் தடவி இறக்குங்கள். மேல்மட்டத்துக்குச் சமப்படுத்த உளியும் சுரண்டு தகடும் போதும். கிளாம்ப் போட்டு இழுத்து மூடுவது மட்டும் ஒருநாளும் வேண்டாம்.

கேள்வி: மூடியைச் சுற்றி மெல்லிய பித்தளைக் கம்பிப்பட்டை பதித்திருக்கிறது. ஒரு பக்கம் வில்லாக எழும்பி நிற்கிறது. சூப்பர் க்ளூ வைத்து அழுத்தலாமா?

பதில்: மரம் சுருங்கிவிட்டது, பித்தளை அதே நீளத்தில் இருக்கிறது. குறுகிய இடத்தில் நீளமான பட்டையை அழுத்தினால் வேறோர் இடத்தில் எழும்பும், பிடிவாதமாக அழுத்தினால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த பட்டையை நேராக்க முடியாது.

எழும்பிய இடத்தின் அடியில் காடியிலுள்ள பழைய பசையையும் தூசியையும் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். மூலையில் இரண்டு பட்டை சாய்வாகச் சேரும் இடத்தில், ஒரு பட்டையின் முனையை நுண்ணிய அரத்தால் இரண்டு மூன்று தேய்ப்புத் தேய்த்து, வைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் மீண்டும் தேயுங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தாலே பெரும்பாலும் படிந்துவிடும். பட்டையின் அடிப்பக்கத்தை உரசி, ஸ்பிரிட்டில் துடைத்து, வெட்டிய பூண்டுப்பல்லால் தேய்த்து வச்சிரத்தில் ஒட்டுங்கள். பித்தளை பதிக்கும் மரவேலைக்காரர்களின் பழைய வழக்கம் இது. மேலே மெழுகுத்தாளும் கட்டையும் வைத்து ஒரு நாள் அழுத்திவையுங்கள். சூப்பர் க்ளூ பிதுங்கி அரக்கில் பட்டால் வெள்ளைத் தழும்பு விழும்.

பித்தளையைப் பளபளக்கச் செய்ய ஆசைப்பட்டால் ஒன்று கவனியுங்கள். அம்மோனியா கலந்த மெருகுப்பசை பக்கத்து அரக்கை அரிக்கும். எலுமிச்சையும் வினிகரும் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பு நிறத் திட்டுகளை விட்டுவிடும். வழவழத்த சாக்குப்பொடியை டர்பன்டைனில் குழைத்துப் பஞ்சுக்குச்சியால் தேய்ப்பதே பாதுகாப்பு.

கேள்வி: கீல் திருகாணிகள் திரும்பவில்லை, ஒன்றின் தலை சிதைந்துவிட்டது.

பதில்: திருகாணித் தலையின் வெட்டில் உறைந்திருக்கும் மெழுகையும் களிம்பையும் ஊசியால் சுத்தமாக எடுங்கள். வெட்டின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் இறுக்கமாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். சின்னத் திருப்புளிதான் தலையைச் சிதைக்கிறது. முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பி, பிறகு கழற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்னின் நுனியைத் தலையில் அரை நிமிடம் வைத்து, ஆறியபின் முயலுங்கள். கழற்றிய ஆணிகளை அட்டையில் கீலின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள். நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருந்தால் அந்த ஆணி பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியது, அதையே திரும்பப் போடுங்கள். பெட்டியின் வயதை ஊகிக்க ஆணியோடு கத்தியின் பொறிப்பையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால், அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்துக்குப் பிறகு செய்ததாக இருக்கும்.

கேள்வி: அடிப்பலகையில் ஊசித்துளைகள். பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா?

பதில்: பெட்டியை ஒரு கறுப்புத் தாளின் மேல் சில வாரம் வையுங்கள். வெளிர்ந்த மாவு புதிதாகக் கொட்டினாலும், துளையின் உட்புறம் புதுமரம் போல் வெளுத்திருந்தாலும் பூச்சி இருக்கிறது. கத்திகளை எடுத்துவிட்டுப் பெட்டியைக் காற்றுப் போகாத பாலிதீன் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த மரத்தில் நீராகப் படிந்து வெனீரைக் கிளப்பிவிடும்.

கேள்வி: உட்புறம் பளிச்சென்ற பச்சைத் துணியும் பச்சைக் காகிதமும். கவலைப்பட ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பச்சைச் சாயங்கள் சிலவற்றில் ஆர்சனிக் இருந்தது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், தேய்க்கவோ துலக்கவோ வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மேலே மெல்லிய பாலியெஸ்டர் உறை ஒன்றை இட்டு அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: புதுப்பித்த பெட்டியில் அன்றாடம் பயன்படுத்தும் கத்திகளை வைக்கலாமா? எவ்வளவு எண்ணெய் தடவ வேண்டும்?

பதில்: வைக்கலாம், ஆனால் சவரம் முடிந்த கையோடு அல்ல. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் வார்த்தது 1913-இல். அதற்கு முந்திய கத்தி எல்லாம் கார்பன் எஃகு. துடைத்தபின்னும் கைப்பிடித் தகடுகளுக்கு இடையிலும் ஆணியடியிலும் நீர் தங்கும். கத்தியை விரித்தபடி ஒரு நாள் வெளியே உலரவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள்.

எண்ணெயைவிட மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) இங்கே நல்லது. அலகில் மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் துணியால் மெருகேற்றினால் வெல்வெட்டில் கறை பிடிக்காது. அலகை முதுகிலிருந்து கூர்விளிம்பை நோக்கித்தான் துடைக்க வேண்டும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் மினரல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகி அலகை ஒட்டவைக்கும். பெட்டி இருக்கும் இடத்தின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் மரத்துக்கும் எஃகுக்கும் பொதுவாக ஏற்றது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் குவித்துப் போட்டால் எஃகு பிழைக்கும், மூடி வெடிக்கும்.

கேள்வி: புதன்கிழமைக் கத்தி மட்டும் இல்லை. வேறொன்றை வாங்கி வைக்கலாமா?

பதில்: காடியின் நீள அகலத்தையும் மற்ற ஆறு கத்திகளின் அலகு அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு தேடுங்கள். சவரக்கத்தி அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்றுதான் சொல்வார்கள். ஐந்தும் ஆறும் அதிகம் கிடைப்பவை. கிடைத்த கத்தி பெரிதாக இருந்தால் காடியைச் செதுக்கி அகலப்படுத்தாதீர்கள். பின்னால் சரியான கத்தி கிடைக்கும்போது அது அந்தக் காடியில் ஆடும். வாங்குவதற்கு முன் கைப்பிடியைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்துவிடுங்கள்.